கள்ளிக்குத் தண்ணீர் வேண்டாம்

எங்கள் குடும்பத்தில் யார் 'வேண்டாம்' என்று சொன்னாலும் அது மற்றவர் காதில் ஏறாது. காதில் கோளாறு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி முணுமுணுத்துச் சண்டை போட்டால்கூட வரிக்கு வரி ஒப்பிப்பார்கள். வேண்டாம் என்ற சொல்லை மட்டும் அவர்கள் மரியாதை என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை வேண்டாம் என்றால் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். மறுபடி சொன்னால் நல்ல வளர்ப்பு. அதற்கு மேலும் சொன்னால், ஐயோ பாவம், ரொம்பப் பசி போலிருக்கிறது என்று தட்டை நிரப்பிவிடுவார்கள். அண்ணன் வீட்டு வாஷிங் மெஷினைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டு, வயிறு முட்டச் சாப்பிட்டு, அப்புறம் குனிந்து ஸ்க்ரூவைத் திருக முடியாமல் மறுநாள் வந்து வேலையை முடித்தார். இப்போதெல்லாம் அந்த வீட்டு நம்பரைப் பார்த்தால் அவர் போனை எடுப்பதில்லை.

இதில் இன்னொரு பாதியும் உண்டு. கொடுக்கிறவர் வற்புறுத்த வேண்டும் என்றால் வாங்குகிறவர் மறுத்தாக வேண்டும். கேட்டவுடன் 'சரி' என்று கையை நீட்டுகிறவருக்கு எங்கள் வீட்டில் 'அலைஞ்சான்' என்று பெயர். அந்தப் பெயர் வாங்கியவர்கள் சொந்தத்தில் ஒருவர் இருவர்தான் இருக்கிறார்கள். அவர்களை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

நான் இந்தக் குடும்பத்தில் நடுவில் பிறந்தவள். மேலே ஓர் அண்ணன், கீழே ஒரு தங்கை. பிழைப்பு, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. எங்கள் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அடுத்தவர் செய்யப்போகிற தப்புக்காகக் காலை அதன்மேல் தயாராக வைத்து வைத்தே என் முழங்கால் தேய்ந்துபோனது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதையும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான் நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று அவர்கள் நம்புவதற்கு என் தலை நரைக்க வேண்டியிருந்தது.

இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் தனியாக இருக்கிறேன். அலமாரியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், விருந்தாளிக்கு இன்னொரு செட். உலகத்தில் நான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிற இடம் அது ஒன்றுதான். அதை விட்டுக் கிளப்பி என்னைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அண்ணனின் பல வருஷத்து ஆசை. ஆசை என்றால் சும்மா இல்லை. கல்யாண வீடு, கருமாதி வீடு, வங்கி வரிசை, எங்கே நாலு பேர் கூடினாலும் "தங்கச்சிய எங்கூட வந்து இருடின்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன், பிடிவாதக்காரி" என்பான். கேட்டவர்கள் அவனைப் பாராட்டுவார்கள். நான் ஒவ்வொரு தடவை வேண்டாம் என்று சொல்லும்போதும் அவன் ஊரில் இன்னும் கொஞ்சம் நல்லவனாகிக்கொண்டிருந்தான்.

என் வீட்டு ஜன்னலில் ஒரு கள்ளி இருந்தது. பாலைவனத்துச் செடி. உருண்டையாக, மஞ்சள் முள்ளோடு, மண் தொட்டியில் உட்கார்ந்திருக்கும். வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு, "மாப்பிள்ளை இருக்கார், முள்ளு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா குறுக்கப் பேசமாட்டார்" என்பேன். கடைசியில் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாப்பிள்ளைக்குத் தேவை வெயில் மட்டும்தான். மண்ணுக்குள் ஒரு குச்சியைச் செருகி எடுப்பேன். அடிவரை காய்ந்து குச்சி சுத்தமாக வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர். துளி மண் ஒட்டியிருந்தாலும் கிடையாது. குளிர்காலத்தில் நான் அதன் பக்கம் போவதே இல்லை. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் சௌக்கியமாக இருந்தோம்.

முழங்காலில் ஆபரேஷன் செய்ய நாள் குறித்தார்கள். ஆபரேஷன் முடிந்ததும் கொஞ்ச காலம் தனியாக இருக்கக்கூடாது, அண்ணன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. இதற்கு மட்டும் நான் மறுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மறுத்தேன். பலன் வழக்கம்போலத்தான்.

வீட்டுச் சாவியைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் அளந்து செய்வாள் என்று ஒரு நம்பிக்கை.

"ஜன்னலை மட்டும் அப்பப்ப திறந்து வை. செடிக்குத் தண்ணி ஊத்த வேண்டாம்" என்றேன்.

"சரிக்கா."

"நெஜமாத்தான் சொல்றேன். ஊத்தினா செத்துடும்."

"சரிக்கா, நீ கவலைப்படாதே." அவள் என் கையைத் தட்டிக்கொடுத்த விதத்திலேயே அவள் நம்பவில்லை என்று தெரிந்தது.

அண்ணன் வீட்டின் கீழ் அறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். அண்ணி நடந்து உடம்பைக் குறைக்க வாங்கிய டிரெட்மில்லை ஓரமாகத் தள்ளிவிட்டு எனக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். அண்ணி மழலையர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்கு ஊட்டி ஊட்டிப் பழகிய கை. நான் வாயைத் திறந்து "வேண்டாம்" என்றால், திறந்த வாயில் ஒரு கரண்டி வந்துவிடும். காலை அசைக்க முடியாமல் படுத்துக்கொண்டு நான் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக ஊதினேன். வலி போதாதென்று நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் அண்ணி என் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே, "உன் மாப்பிள்ளை எப்படி இருக்கார் தெரியுமா? கன்னமெல்லாம் வச்சு, கொழுகொழுன்னு. நீ இருக்கும்போது பாவம், சுருங்கிப்போய்க் கிடந்தார்" என்றாள்.

"அண்ணி, அதுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

"ஐயோ, நான் எதுக்கு ஊத்தப்போறேன்? நீதான் வேண்டாம்னு சொன்னியே." ஒரு சிரிப்பு சிரித்தாள். பிறந்தநாள் பரிசை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருப்பவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

தங்கைக்குப் போன் போட்டேன். அவளும் தான் தொடவே இல்லை என்று சாதித்தாள். அண்ணனைக் கேட்டேன். "உனக்கு இந்த நேரத்துல செடிதான் முக்கியமா? உடம்பைப் பாரு" என்றான். நானே போய்ப் பார்த்துவிடலாம் என்றால், கட்டிலிலிருந்து கக்கூஸுக்குப் போகவே எனக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டியிருந்தது. மூன்று பேரையும் திட்டித் தீர்க்க வேண்டும் போல இருந்தது. சோறு போடுகிறவர்களைத் திட்டினால் வாய் அழுகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஊன்றுகோலோடு நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, வீட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தேன். அண்ணன் காரில் கூட்டிப்போனான். அவன் பிரேக் போட வேண்டிய இடத்திலெல்லாம் போடாமல் போக, நான் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, ஆபரேஷன் செய்த கால் விண்விண் என்று தெறித்தது. அண்ணியும் தங்கையும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். என் முகத்தில் சந்தோஷத்தைப் பார்ப்பதற்காகவே இருவரும் லீவு போட்டிருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் வாடை வந்தது. தண்ணீர் மாற்றாத பூ ஜாடியில் வருமே, அந்த வாடை. ஜன்னலில் மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். மேலே பளபளவென்று பச்சை. அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். முள்ளுக்கு நடுவே ஒரு விரலால் மெதுவாக அழுத்தினேன். விரல் பட்ட இடம் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. தொட்டியின் கீழே தட்டில் தண்ணீர் தேங்கி, அதில் கொசு முட்டையிட்டிருந்தது.

"யார் ஊத்தினது?" என்றேன்.

இவ்வளவு பெரிய உதவியை இனிமேலும் மறைத்துவைக்க அவர்களால் முடியவில்லை. தங்கைதான் முதலில் வாயைத் திறந்தாள். "நான்தாங்க்கா. ஊத்தல்லாம் இல்ல. சிரிஞ்சுல எடுத்து நேரா வேருக்கே போட்டேன். ஒரு சொட்டு வெளிய சிந்தல."

"நீயுமா?" என்றாள் அண்ணி. "நான் அரிசி கழுவின தண்ணிய பாட்டில்ல பிடிச்சு எடுத்துட்டு வந்து ஊத்தினேனே. சத்து இருக்கட்டும்னு."

அண்ணன் இருவரையும் ஒரு பார்வை பார்த்தான். அவன் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கடை வைத்திருக்கிறான். "குழாய்த் தண்ணி, கழனித் தண்ணி எல்லாம் ஆகாதுன்னுதான், நான் கடையிலேர்ந்து ஃபில்டர் தண்ணி கொண்டாந்து, பாட்டிலைக் கவுத்து வச்சு, சொட்டுச் சொட்டா இறங்கறமாதிரி ஏற்பாடு பண்ணினேன்" என்றான். தொட்டிக்குப் பின்னால் அந்த பாட்டில் இன்னும் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நான் யாரைப் பார்ப்பது? ஒருத்தர் ஊற்றுவது ஒருத்தருக்குத் தெரியாமல், சாவியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு வந்து, மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு பாலைவனத்துச் செடியை மூழ்கடித்திருக்கிறார்கள்.

"நான்தான் வேண்டாம்னு சொன்னேனே. செத்துடும்னு சொன்னேனே."

"நீ அப்படித்தான்மா சொல்லுவே" என்றாள் அண்ணி. "உனக்கு யாருக்கும் சிரமம் கொடுக்கப் பிடிக்காது. அதுக்காக நாங்க விட்டுட முடியுமா?" பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று பூப்போட்டு எழுதி வைத்திருக்கிறவள் அவள்தான். பிள்ளைகள் அதைப் பார்த்து ஒப்பிப்பார்கள்.

நான் தொட்டியோடு அதைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போடச் சொன்னேன். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டாள். அவள் நல்லவள். மூவருமே நல்லவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் என் தலைவலியே. கெட்டவர்கள் என்றால் கதவைச் சாத்தியிருப்பேன்.

கீழே இறங்கும்போது லிஃப்ட்டில் அண்ணன் பெருமூச்சு விட்டான். "பாத்தியா? ஒரு கள்ளிச்செடி கூட அந்த வீட்ல பிழைக்கல. இதுல நீ வேற தனியா இருக்கணும்கறே."

ஊற்றியது அவன், கொன்றது அவன், இப்போது பிணத்தைக் காட்டி எனக்குப் புத்தி சொல்கிறான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாவது சங்குமேல் பழி போடவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்து போகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சுதான். நான் ஒரு செடியைக் கூடக் காப்பாற்றத் தெரியாதவள் என்பது சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. யாரோ ஒரு அத்தை போனில் கூப்பிட்டு, "மனசு விட்டுடாதேம்மா" என்றாள்.

கால் ஓரளவு தேறி, நான் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை என் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, பையைக்கூடக் கட்டி வைத்திருந்தேன். என்னைப் பார்க்க சித்தப்பா வந்திருந்தார். எங்கள் அப்பாவின் தம்பி. குடும்பத்தில் யார் நல்லவர், யார் அலைஞ்சான் என்று முத்திரை குத்துகிற பொறுப்பு அவருடையது. தங்கையும் வந்திருந்தாள். அண்ணி எல்லாருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சித்தப்பா, நான் ஒரு முடிவு எடுத்துட்டேன். இவ இனிமே எங்கயும் போகல. இங்கதான். அந்த வீட்டைக் காலி பண்ணிடலாம். எங்க உசிரு இருக்கறவரைக்கும் இவளத் தனியா விடமாட்டோம்."

சித்தப்பாவுக்குக் கண் கலங்கியது. "இந்தக் காலத்துல யாருடா இப்படிச் சொல்றா? கூடப் பொறந்தா உன்னை மாதிரி ஒருத்தன் பொறக்கணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடம். அண்ணி அதற்குப் பதிலாக "அதெல்லாம் பேசக்கூடாது" என்று சொல்வதற்கு வாயைத் தயாராகக் குவித்து வைத்திருந்தாள். இந்தத் தடவை நான் வேண்டாம் என்றால் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவும் சேர்ந்து வற்புறுத்துவார். செடி கதை வரும், முழங்கால் கதை வரும், நாளைக்கே ஆள் போய்ச் சாமானைக் கட்டிவிடும். என் இரண்டு அறை போனது போனதுதான்.

வண்டி கற்றுக்கொள்கிறவர்களில் ஒரு ரகம் உண்டு. நான் பக்கத்திலிருந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பிடிக்க, எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்ற தைரியம்தான். கையை எடுத்துவிட்டால், அடுத்த நொடி அவர்களாகவே பிரேக்கை மிதிப்பார்கள். எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்.

"சரி" என்றேன்.

அண்ணன் தன் பேச்சைத் தொடர்வதற்காகத் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தான். "என்ன சரி?"

"வந்துடறேன். நீ இவ்வளவு ஆசையா கூப்பிடும்போது நான் ஏன் பிகு பண்ணிக்கணும்? இன்னிக்கே போய்ச் சாமானெல்லாம் கட்டிடலாம். கீழ் ரூமே எனக்குப் போதும். என் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டுக்கறேன். அண்ணி, டிரெட்மில்லை மட்டும் ஹாலுக்கு மாத்திடுங்க."

அண்ணி டம்ளர் நிறைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. காபி டபராவில் வழிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தந்திரமாகத்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லி முடித்த கணத்தில், அந்த ஜன்னல் பக்கக் கட்டில் என் கண்முன் வந்தது. வலிக்கிற கால். பக்கத்து அறையில் யாராவது பேசுகிற சத்தம். காய்ச்சல் வந்தால் ஒரு குரல் கொடுத்தால் போதும். அவ்வளவு மோசம் இல்லையே என்று தோன்றியது. யாராவது அப்போது என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால், நான் நிஜமாகவே தங்கியிருப்பேனோ என்னவோ.

யாரும் சிரிக்கவில்லை.

அண்ணிதான் முதலில் சமாளித்தாள். "தாராளமா இரும்மா, இது உன் வீடு. ஆனா அந்த ரூம்ல ஓதம் ஜாஸ்தி. முழங்காலுக்கு ஆகாதேன்னுதான் பாக்கறேன்."

"இத்தனை வாரமா அங்கதானே அண்ணி படுத்திருக்கேன்?"

"அதைத்தாம்மா சொல்றேன். அதான் வலி விட இவ்வளவு நாளாச்சு."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "எங்க பொண்ணு வேற வெளியூர்ல படிப்பு முடிஞ்சு வந்துடுவா. அவளுக்குன்னு ஒரு ரூம் கேப்பா. அதுவும் இல்லாம, நீ சுதந்திரமா இருந்து பழகினவ. இங்க வந்து போறவங்க, சத்தம்... உனக்கு ஒத்துக்குமா? நல்லா யோசிச்சுக்கோ. நான் உனக்காகத்தான் சொல்றேன்." திடீரென்று தங்கை பக்கம் திரும்பினான். "ஏன், உங்க வீட்லகூட மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு?"

தங்கைக்குக் குடித்த காபி புரையேறியது. "எங்க வீட்டு மாடிப்படி ரொம்பச் செங்குத்துண்ணா. அக்காவோட காலுக்கு அது சரிப்படாது." என் முகத்தைப் பார்க்காமல், என் முழங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கேட்டவுடன் கையை நீட்டிவிட்டேன், என் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. "மருமக சொல்றதும் ஒருவிதத்துல சரிதான், இவன் சொல்றதும் சரிதான். தனியா இருந்தவளுக்கு இனிமேத்தானா கஷ்டம் வந்துடப்போகுது? அவங்கவங்க வீடு அவங்கவங்களுக்குச் சொர்க்கம்" என்றார்.

"அப்ப நான் என் வீட்டுக்கே போயிடட்டுமா?" என்றேன்.

"உன் இஷ்டம்மா" என்றான் அண்ணன். "உன் விருப்பத்துக்கு மாறா நான் என்னிக்காவது வற்புறுத்தியிருக்கேனா?"

வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தியவன். ஒரு வாய்ச் சோற்றைக்கூட நான் வேண்டாம் என்றேன் என்று விட்டதில்லை. அண்ணி எழுந்து போய், நாளைக்கு என்று நான் கட்டி வைத்திருந்த பையை அன்றைக்கே எடுத்து வந்து வாசலில் வைத்தாள். வழிக்கு என்று ஒரு டப்பாவில் சாப்பாடும் கட்டிக் கொடுத்தாள். நான் அதை வேண்டாம் என்றேன். சரி என்று உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அண்ணன் காரை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவனை நான் அவ்வளவு சுறுசுறுப்பாகப் பார்த்ததே இல்லை. நான் பிழைத்துவிட்டேன். என் இரண்டு அறை எனக்கே. இனி ஜென்மத்துக்கும் அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கப்போவதில்லை. துள்ளிக் குதிக்க வேண்டியவள், காரில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கால் வலிக்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன்.

கால் வலிக்கவில்லை. யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, "அதெல்லாம் இல்ல, நீ இங்கதான் இருக்கணும்" என்று சொல்லியிருக்கலாம். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.